வாய் திறந்த வௌவால்

மார்ச் மாதம் பதினோராம் நாள், புதன்கிழமை. விடியலில் தொடங்கிய தூறல், நிற்க மனமின்றியும் வலுக்கத் துணிவின்றியும் முற்பகல் வரை இழுத்தடித்துக்கொண்டிருந்தது. வானம் துலக்காத அலுமினியப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது. காற்று அறவே இல்லை.

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்துக்குச் செல்லும் படிகளில் துப்பறிவாளர் துருவி முன்னும், அவருடைய கொழுந்தன் ரேடியோ பின்னுமாக இறங்கினர். துருவி என்பது அவ்வம்மையாருக்கு ஊரார் இட்ட பெயர். ஒரு கேள்விக்கு விடை கிடைத்த பின்னரும் அந்த விடைக்குள் இன்னொரு கேள்வியைத் தேடுபவர் அவர். ரேடியோவுக்கு அப்பெயர் வந்த காரணத்தை விளக்கத் தேவையில்லை. அவனருகே ஒரு நிமிடம் நின்றால் போதும். கணவரின் தம்பியை உதவியாளனாக வைத்துக்கொள்வதில் ஒரு நன்மை உண்டு. சம்பளம் பற்றிய பேச்சு வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். ஒரு தீமையும் உண்டு. வேறு எந்தப் பேச்சும் முடியாது.

"அண்ணி, ஒரு சந்தேகம்," என்றான் ரேடியோ. "போன மாசம் வரைக்கும் நகையைக் காணோம், நாயைக் காணோம், புருஷனைக் காணோம்னு வந்தாங்க. இன்னைக்கு வௌவாலைக் காணோமாம். பறக்கற ஜீவன் அது. காணாம போறதுதானே அதோட வேலையே?"

"இது செத்துப்போன வௌவால், தம்பி."

"அப்போ ரொம்ப தூரம் போயிருக்காது."

படிகளின் முடிவில் ஓர் இரும்புக் கதவு திறந்திருந்தது. அதன் வாயிலில் நின்ற பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம். வெள்ளை மேலங்கியின் பொத்தான்களை ஒன்று தள்ளி ஒன்றாக மாற்றிப் போட்டிருந்தார். வௌவால்களை ஆராய்ந்து பட்டம் பெற்றவர்; அங்கே அவரை எல்லோரும் டாக்டரம்மா என்று அழைத்தனர். காலையில் துருவிக்குத் தொலைபேசியில் அழுதவர் அவர்தான்.

அறை நீளமானது. இருபுறமும் கூரையைத் தொடும் இரும்பு அலமாரிகள். அவற்றில் ஆயிரக்கணக்கான கண்ணாடிப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் ஸ்பிரிட்டில் மூழ்கிய ஓர் உயிரினம். முதலில் மீன்கள், பின்னர் தவளைகள், பின்னர் பல்லிகள், பாம்புகள், எலிகள், கடைக்கோடியில் வௌவால்கள். வாழ்நாள் முழுதும் தலைகீழாகத் தொங்கியவை இறந்த பின்னரே நிமிர்ந்து நின்றன.

"மருத்துவமனை வாசனையும் மீன் கடை வாசனையும் கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி இருக்கு," என்று மூக்கைப் பொத்தினான் ரேடியோ.

டாக்டரம்மா நேரே கடைசி அலமாரிக்கு அழைத்துச் சென்றார்.

"இந்தத் தட்டு முழுக்கக் குழாய்மூக்கு வௌவால். மூக்கோட ரெண்டு துளையும் குட்டிக் குழாய் மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். அதுக்குக் கீழ்த் தட்டு கம்பளி வௌவால். காது புனல் மாதிரி, உடம்பெல்லாம் சுருட்டை மயிர். ரெண்டும் பங்காளிங்கன்னு வெச்சுக்கோங்க."

"பங்காளின்னா சொத்துத் தகராறு இருக்கணுமே?" என்றான் ரேடியோ.

"இருக்கு. அந்தச் சொத்துதான் காணாம போச்சு."

இவ்விடத்தில் வகைப்பாடு என்பது யாதெனச் சுருங்கக் கூறுதல் தகும். ஒத்தவற்றை ஒன்றாகவும் ஒவ்வாதவற்றை வேறாகவும் வைத்தலே வகைப்பாடு. சமையலறையில் கரண்டிகளைத் தனியாகவும் கத்திகளைத் தனியாகவும் வைக்கும் எவரும் இக்கலையின் மாணவரே. வேறுபாடு ஒன்றுதான்: கரண்டிகளை முன்னிட்டு எவரும் ஆண்டுக்கணக்கில் பகை வளர்ப்பதில்லை.

காணாமற்போன வௌவால் கட்டைவிரலளவே ஆனது. சுருண்ட இலையொன்றுக்குள் உறங்கிய நிலையில் டாக்டரம்மாவுக்குக் கிடைத்தது. உலகில் அத்தகையது அந்த ஒன்றுதான் கைக்கு வந்திருந்தது. அதன் மூக்கு குழாய், காதோ புனல். இது எந்தப் பங்காளி வீட்டுப் பிள்ளை? குழாய்மூக்குதான், அதில் ஐயமே இல்லை என்றார் அத்துறையின் மூத்த பேராசிரியர். குழாய்மூக்கு வௌவால்களைப் பற்றி அவர் எழுதிய தடித்த நூலே இன்றளவும் அத்துறையினரின் கைவிளக்கு. இரண்டுமன்று, இது தனிக் குடித்தனம் என்றார் டாக்டரம்மா. அதாவது, இதற்கென்று புதிய பேரினம் ஒன்றை உண்டாக்க வேண்டும் என்பது அவர் வாதம். அலமாரியின் அடித்தட்டை வெறுமையாக்கி, துடைத்து, அதற்கு இடமும் ஒதுக்கியிருந்தார்.

"யார் சொல்றது சரின்னு எப்படித் தெரியும்?" என்றார் துருவி.

"பல்லை எண்ணினா தெரியும். குழாய்மூக்குக்கு முப்பத்துநாலு. கம்பளிக்கு முப்பத்தெட்டு. இதுக்கு ரெண்டுக்கும் நடுவுல இருக்கும்னு நான் எழுதியிருக்கேன். ஆனா ஸ்பிரிட்ல ஊறித் தாடை இறுகிப்போச்சு. அவசரப்பட்டுத் திறந்தா உடைஞ்சுடும். அதனால இன்னைக்கு மூணு மணிக்கு வெளியிலேர்ந்து ஒரு குழு வருது. அவங்க முன்னாடி வெச்சுத் திறந்து எண்ணறதா ஏற்பாடு." வெறுமையான அடித்தட்டைக் காட்டினார். "நேத்து சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது பார்த்தேன், இருந்துச்சு. காலையில புட்டியோட காணோம்."

"வௌவால் இல்லன்னா என்ன ஆகும்?"

விடை வாயிலிலிருந்து வந்தது. அருங்காட்சியகத்தின் இயக்குநர் அங்கே நின்றார். எந்த உயிரினத்தோடும் பகையோ நட்போ இல்லாதவர் அவர். கோப்பில் கையெழுத்து இடுவதற்காகவே பிறந்த கை.

"என்ன ஆகும்? இல்லாத வௌவாலுக்கு இடம் கேட்டாங்கன்னு குழு எழுதும். தன் கருத்து தப்புன்னு தெரிஞ்சதும் இவங்களே ஒளிச்சு வெச்சுட்டாங்கன்னு நான் நினைக்கறேன். மூணு மணிக்கு வௌவால் மேசை மேல இல்லன்னா, நாளையிலேர்ந்து இவங்களுக்கு இங்க வேலை இல்ல. சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு மூக்கைக் கைக்குட்டையால் மூடியபடி மேலே சென்றார்.

டாக்டரம்மா அலமாரியில் சாய்ந்தார். "இந்த வௌவாலுக்காக ஆறு வருஷம் இந்த வாசனையில உட்கார்ந்திருக்கேன். என் பொண்ணுக்கு 'அ' எழுத வர்றதுக்கு முன்னாடி வௌவால் வரைய வந்துடுச்சு. இந்த வேலை போனா, இந்த ஒரு துறையைத் தவிர எனக்கு வேற எதுவுமே தெரியாதும்மா."

துருவி ஆறுதல் கூறவில்லை. ஆறுதல் நேரத்தை உண்ணும் என்பது அவர் கொள்கை. "சாவி யார்யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட, புரொபசர்கிட்ட, இயக்குநர்கிட்ட. ஆனா வெளிய கொண்டுபோயிருக்க முடியாது. வாசல்ல காவலாளி எல்லார் பையையும் திறந்து பார்ப்பார். போதாததுக்கு ஸ்பிரிட் வாசனை வேற."

"அப்போ கட்டடத்துக்குள்ளதான் இருக்கு. போட்டோ இருக்கா?"

டாக்டரம்மா கைபேசியை நீட்டினார். படத்தில் அந்த வௌவால் வாயை இறுக மூடி, புருவம் நெரித்து, உலகத்தின் மீதே வழக்குத் தொடுக்கப்போவதுபோல் காட்சியளித்தது. இடக் காதின் ஓரத்தில் சிறு கிழிசல்.

"எங்க கணக்கு வாத்தியார் விடைத்தாள் குடுக்கும்போது இப்படித்தான் இருப்பாரு," என்றான் ரேடியோ. "அண்ணி, ஆயிரக்கணக்கான புட்டி. ஒவ்வொண்ணா பார்த்தா நாம ரிட்டையர் ஆகறதுக்குள்ள பாம்பு வரைக்கும் வந்துடலாம்."

"ஒவ்வொண்ணா பார்க்கப் போறதில்ல. முதல்ல புரொபசரைப் பார்ப்போம்."

பேராசிரியரின் அறை முதல் மாடியில் இருந்தது. அடுத்த வாரம் பணி ஓய்வு பெறவிருந்தவர் அவர். மெலிந்த உடல், வெளுத்த தலை, பேசும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் பழக்கம். அறையில் நூல்கள் உயரம் பார்த்து அடுக்கப்படவில்லை, நிறம் பார்த்தும் அடுக்கப்படவில்லை. அவற்றில் பேசப்பட்ட விலங்குகளின் உறவுமுறைப்படி அடுக்கப்பட்டிருந்தன. எலியைப் பற்றிய நூலுக்கு அருகே அணிலைப் பற்றிய நூல் இருந்தது. திமிங்கிலத்துக்கு அருகே நீர்யானை இருந்தது.

"வாங்கம்மா, உட்காருங்க. தம்பி, நீங்களும்." தேநீரும் ஒரு தட்டு நிறைய பிஸ்கட்டும் வரவழைத்தார். "டாக்டரம்மா பாவம். நல்ல பொண்ணு. அவங்க சொல்ற புதுப் பேரினம் கிடையாதுன்னு நான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்றேன். அதுக்காக வௌவால் காணாம போறதுல எனக்கென்ன சந்தோஷம்?"

"அது எங்க இருக்க வேண்டிய வௌவால் சார்?"

"குழாய்மூக்கு. என் புத்தகத்துல விளக்கியிருக்கேனே." கண்ணாடியைத் துடைத்தார்.

அவர் பேசிக்கொண்டே போனார். ரேடியோவின் பார்வையோ அவருடைய வலக்கையில் நிலைத்திருந்தது. அக்கை, தன் உடையவரைக் கலந்தாலோசிக்காமல், தட்டிலிருந்த பிஸ்கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தது. உப்பு பிஸ்கட்டுகள் ஒரு புறம், கிரீம் பிஸ்கட்டுகள் மறுபுறம், உடைந்தவை ஓர் ஓரம். உப்பில் வட்டம் வேறு, சதுரம் வேறு. இறுதியில் எஞ்சியது ஒன்று: மேலே உப்பு தூவியது, நடுவே கிரீமும் பூசியது. அக்கை அதனை உப்பின் பக்கம் கொண்டுபோயிற்று. தயங்கிற்று. கிரீமின் பக்கம் கொண்டுபோயிற்று. மீண்டும் தயங்கிற்று. பேராசிரியரின் பேச்சே நின்றுபோயிற்று.

ரேடியோ கையை நீட்டி அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"சிக்கல் தீர்ந்துச்சு சார்," என்றான் மென்றபடி.

பேராசிரியர் நிம்மதியோடு மூச்சு விட்டார். துருவி மெல்ல எழுந்து விடைபெற்றார்.

மாடிப்படியில் இறங்கும்போது அவர் முகத்தில் ஒரு புன்னகை பரவியிருந்தது. அண்ணியின் அப்புன்னகையை ரேடியோ நன்கு அறிவான். அண்ணன் ஒளித்துவைத்த லாட்டரிச் சீட்டு எங்கே இருக்கிறதென்று கண்டுபிடித்த நாளிலும் அதுவே தோன்றிற்று.

"சொல்லுங்க அண்ணி. வயித்துல வெச்சுக்கிட்டா ஜீரணம் ஆகாது."

"ஒரு பிஸ்கட்டை தப்பான இடத்துல வைக்க அவருக்கு மனசு வரல, பார்த்தியா? டாக்டரம்மாவும் அப்படித்தான். பேசிக்கிட்டே என் கைப்பையைத் திறந்து சாவியை சாவியோட, பேனாவை பேனாவோட வெச்சுக் குடுத்தாங்க. நீ கவனிக்கல."

"நான் அவங்க பொத்தானைக் கவனிச்சேன். அதை மட்டும் வகைப்படுத்த விட்டுட்டாங்க."

"அழுதுக்கிட்டே போட்டது. அது கணக்குல வராது. கேளு. ஆயிரக்கணக்கான புட்டிக்கு நடுவுல ஒரு வௌவாலை ஒளிக்கணும். நீயா இருந்தா எங்க வைப்ப?"

"தவளைக்கு நடுவுல. இல்லன்னா மீனுக்குப் பின்னாடி."

"நானும் அங்கதான் வைப்பேன். ஆனா இவங்களால முடியாது. திருடக்கூட மனசு வந்துடும். வௌவாலைத் தவளைகிட்ட வைக்க மனசு வராது. கை நடுங்கும். ராத்திரி தூக்கம் வராது. அதனால எடுத்தது யாரா இருந்தாலும், அவங்க மனசுல அது எங்க இருக்கணும்னு நினைக்கறாங்களோ அங்கதான் வெச்சிருப்பாங்க."

"இயக்குநர் எடுத்திருந்தா?"

"முதல்ல கைக்கு எட்டின இடத்துல வெச்சிருப்பார். கதவுக்குப் பக்கத்துல மீன் தட்டு. வரும்போதே பார்த்துட்டேன், இல்ல."

இந்த மூளையோடு ஒரே வீட்டில் வாழும் தன் அண்ணனை எண்ணி ரேடியோ உள்ளூர இரங்கினான்.

கீழே டாக்டரம்மா இல்லை. குழுவினரை வரவேற்க இயக்குநர் அவரை வாயிலுக்கு அழைத்துப் போயிருந்தார். இருவரும் குழாய்மூக்குத் தட்டின் முன் நின்று புட்டி புட்டியாக எடுத்து, காதுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தனர். கிழியாத காதுகள். பழுதற்ற காதுகள். ஒரு வௌவாலுக்குக் காதே இல்லை. தட்டின் கடைசிப் புட்டியையும் பார்த்தாயிற்று. காணாமற்போனது அங்கே இல்லை.

டாக்டரம்மா ஒதுக்கிவைத்த அடித்தட்டிலோ தூசிகூட இல்லை.

"அண்ணி," என்றான் ரேடியோ, மிகுந்த அன்போடு. "தத்துவம் நல்லா இருந்துச்சு. வௌவாலுக்குத்தான் அது தெரியல."

துருவி தரையில் சம்மணமிட்டு அமர்ந்து அலமாரியை நோக்கினார். மேல் மாடியில் நாற்காலிகள் இழுபடும் ஓசை கேட்டது. குழுவினர் வந்துவிட்டனர்.

"அவங்க வாயால எங்கன்னு சொன்னாங்களோ அங்க தேடினோம், தம்பி," என்றார் அவர் மெதுவாக. "மனசுல எங்கன்னு நினைக்கறாங்களோ அங்க தேடல."

"ரெண்டும் வேற வேறயா?"

"உங்க அண்ணன் என் சமையலைப் பத்தி வாயால என்ன சொல்வார்?"

"பிரமாதம்னு."

"மனசுல?"

ரேடியோ தன் வாழ்வில் முதன்முறையாக வாயை மூடிக்கொண்டான். துருவி கையை நீட்டிக் கீழ்த் தட்டைக் காட்டினார். கம்பளி வௌவால்கள்.

அந்தத் தட்டில் புட்டிகள் அதிகமில்லை. சுருட்டை மயிர், புனல் காது, சுருட்டை மயிர், புனல் காது. நடுவரிசையில் ஒரு புட்டியைத் தூக்கிய ரேடியோ, அதைக் கீழே போட இருந்தவன், பிடித்துக்கொண்டான்.

"அண்ணி! இது என்னைப் பார்த்துச் சிரிக்குது!"

இடக் காதில் கிழிசல் இருந்தது. மூக்கு குழாயாய் நீண்டிருந்தது. படத்தில் உலகையே முறைத்த அதே வௌவால், இப்போது வாயைத் திறந்து, வரிசைப் பற்கள் தெரிய, கல்யாணப் புகைப்படத்துக்கு நிற்பதுபோல் நின்றது. இரண்டு தாடைகளுக்கும் நடுவே, மூடிவிடாதபடி, பஞ்சுத் துணுக்கு ஒன்று மிகப் பக்குவமாக வைக்கப்பட்டிருந்தது.

"யாரோ பல்லை எண்ணிட்டாங்க," என்றார் துருவி. "எண்ணிப் பார்த்து, முப்பத்தெட்டுன்னு தெரிஞ்சு, கம்பளிப் பக்கம் கொண்டுவந்து வெச்சிருக்காங்க. புரொபசர் சொன்ன இடமும் இல்ல. டாக்டரம்மா சொன்ன இடமும் இல்ல. ரெண்டு பேர் சொன்னதும் தப்பு."

"அப்போ ரெண்டு பேர்ல எண்ணினது யாரு? எண்ணினவங்கதானே திருடினவங்க?"

"ரெண்டு பேருக்கும் காரணம் இருக்கு. தன் கருத்து பொய்யாப் போச்சுன்னு ஒளிக்க ரெண்டு பேருக்குமே தோணலாம். இயக்குநர் இதைப் பார்த்தா டாக்டரம்மா தலையிலதான் கட்டுவார்."

துருவி எழுந்து சேலையின் தூசியைத் தட்டினார். "உன் கைக்குட்டையைக் குடு. சுத்தமானதா?"

"வகைப்பாட்டுக்கு உட்படாத நிலையில இருக்கு."

அக்கைக்குட்டையால் புட்டியை மூடி இறுகக் கட்டினார். உள்ளே இருப்பது மீனா, தவளையா என்றுகூட இப்போது ஒருவரும் கூற முடியாது.

மூன்று மணிக்குக் குழுவினர் கீழே வந்தனர். மூவர். அவர்களின் தலைவி தடித்த கண்ணாடி அணிந்த, குரலை உயர்த்தும் தேவையே நேர்ந்திராத அம்மையார். இயக்குநர் பின்னால் வந்தார். டாக்டரம்மா ஒரு புறமும் பேராசிரியர் மறுபுறமுமாக நின்றனர்.

"வௌவால் கிடைச்சுதா?" என்றார் தலைவி.

"இதுக்குள்ள இருக்கு," என்று கட்டிய புட்டியை மேசை மீது வைத்தார் துருவி. டாக்டரம்மாவின் வாயிலிருந்து ஒரு சிறு ஒலி வெளிப்பட்டது. அழுகையா, சிரிப்பா என்பதை வகைப்படுத்த இயலவில்லை. "எங்க கிடைச்சுதுன்னு கடைசியில சொல்றேன். அவிழ்க்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேண்டுகோள். ரெண்டு பேரும் தனித்தனியா இதைக் கையில எடுத்து, எந்தத் தட்டுல இருக்கணுமோ அங்க வெச்சுக் காட்டணும்."

"எதுக்கு இந்த விளையாட்டு?" என்று சீறினார் இயக்குநர்.

தலைவிக்கு அது விளையாட்டாகத் தோன்றவில்லை. அவர் துருவியை ஒரு கணம் உற்று நோக்கினார். அறிவாளிகள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள அவ்வளவே போதும். "வைங்க. நீங்க எந்த இடத்துல வைக்கறீங்களோ, அதுதான் உங்க முடிவான கருத்துன்னு நான் பதிவு பண்ணிக்கறேன். அப்புறம் மாத்த முடியாது. முதல்ல டாக்டரம்மா."

டாக்டரம்மா புட்டியை எடுத்தார், குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல. ஒரு கணமும் தயங்கவில்லை. நேரே அடித்தட்டுக்குச் சென்று, குனிந்து, அந்த வெற்றிடத்தின் நடுவில் வைத்தார். வைத்த பின்னர் அரை அங்குலம் நகர்த்தி நேராக்கினார். "இங்கதான். தனியா."

"நல்லது. அடுத்து புரொபசர்."

பேராசிரியர் புட்டியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். குழாய்மூக்குத் தட்டு அவர் கண்ணுக்கு நேரே இருந்தது. கையை உயர்த்தினார். புட்டியின் அடிப்பாகம் தட்டைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை இருந்தது. அங்கேயே கை நின்றுவிட்டது.

"வைங்க சார்," என்றார் துருவி, மிக மென்மையாக. "உங்க புத்தகத்துல எழுதின இடம்தானே?"

கை கீழே இறங்கவில்லை. அவர் புட்டியை இன்னும் ஒருமுறை தட்டருகே கொண்டுபோனார். இன்னும் ஒருமுறை பின்வாங்கினார். அறையில் இருந்த ஒன்பதாயிரம் விலங்குகளும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பதுபோல் ரேடியோவுக்குத் தோன்றிற்று.

"முடியல," என்றார் பேராசிரியர். "என்னால முடியலம்மா. இது இந்தத் தட்டு இல்ல."

"கட்டே இன்னும் அவிழ்க்கல சார். இந்தத் தட்டு இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பேராசிரியர் புட்டியை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியைத் தேடினார். ரேடியோ ஒன்றை இழுத்துப் போட்டான்.

"நேத்து எல்லாரும் போனதுக்கப்புறம் வந்தேன். குழு எண்ணறதுக்கு முன்னாடி நான் எண்ணிப் பார்த்துடணும்னு ஆசை. அவ்வளவுதான், எண்ணிட்டு மூடிடலாம்னுதான் வந்தேன். தாடையை மெதுவா, மெதுவா திறந்தேன். உடையல." அவர் குரலில் அந்த நிலையிலும் ஒரு பெருமிதம் எட்டிப்பார்த்தது. "முப்பத்தெட்டு. திரும்பவும் எண்ணினேன். முப்பத்தெட்டு. குழாய்மூக்கு வெச்சுக்கிட்ட கம்பளி வௌவால். என் புத்தகத்துல முதல் பக்கமே தப்பு. மூக்கைப் பார்த்தா போதும், பல்லைப் பார்க்க வேண்டாம்னு எழுதியிருக்கேன்."

"அதுக்காக?" என்றார் தலைவி.

"அடுத்த வாரம் எனக்கு வழியனுப்பு விழா. எல்லாரும் அந்தப் புத்தகத்தைப் பத்தித்தான் பேசப் போறாங்க. அது முடியற வரைக்கும் மட்டும் கிடைக்காம இருந்தா போதும்னு நினைச்சேன். அப்புறம் யாராவது கம்பளித் தட்டைத் துடைக்கும்போது கிடைச்சுடும்."

"அந்த ஒரு வாரத்துல என் வேலை போயிருக்கும் சார்," என்றார் டாக்டரம்மா. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பேராசிரியருக்கு எளிதாக இருந்திருக்கும். "திருடின்னு பேரோட போயிருப்பேன். என் பொண்ணுகிட்ட என்ன சொல்லியிருப்பேன்?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. "அதை நான் யோசிக்கல. யோசிக்கக்கூடாதுன்னே யோசிக்காம விட்டேன்." கண்ணாடியை அப்படியே மீண்டும் மாட்டிக்கொண்டார். "மன்னிப்புக் கேட்கற தகுதிகூட எனக்கு இல்ல."

"ஒண்ணு கேக்கலாமா சார்?" என்றான் ரேடியோ. "மாட்டிக்கக்கூடாதுன்னா கழிவறையில ஊத்தி விட்டிருக்கலாமே?"

பேராசிரியர் அவனை நோக்கிய பார்வையில் குற்றவாளியின் நடுக்கம் ஒரு துளியும் இல்லை. முழுமையான கொதிப்பே இருந்தது. "தம்பி! உலகத்துலயே அது ஒண்ணுதான் இருக்கு!"

துருவி கைக்குட்டையை அவிழ்த்தார். வௌவால் அனைவரையும் பார்த்துச் சிரித்தது. அது கம்பளித் தட்டில் இருந்ததை அவர் கூறியபோது இயக்குநர் மட்டுமே வியந்தார். தலைவி பூதக்கண்ணாடியை எடுத்தார். அவரும் எண்ணினார், மற்ற இருவரும் எண்ணினர், இறுதியில் டாக்டரம்மா எண்ணினார். அவருடைய உதடுகள் ஒவ்வோர் எண்ணுக்கும் அசைந்தன. முப்பத்துநான்கைக் கடந்தபோது முகம் மலர்ந்தது. முப்பத்தாறைக் கடந்தபோது வாடியது. முப்பத்தெட்டில் நின்றது.

"என்னோட பேரினமும் போச்சு," என்றார், கண்ணாடியை வைத்துவிட்டு.

"பேரினம் போச்சு. ஆனா கம்பளிக் குடும்பத்துல இப்படி ஒரு மூக்கை இதுவரைக்கும் நாங்க யாரும் பார்த்ததில்ல," என்றார் தலைவி. "புதுச் சிற்றினம். கண்டுபிடிச்சது நீங்க. பேர் வைக்க வேண்டியதும் நீங்க. இவங்க வேலையைப் பத்தி ஏதோ பேச்சு அடிபட்டுச்சே, இயக்குநரே?"

"வேலையா? யார் வேலை? எனக்கு அப்பவே தெரியும், டாக்டரம்மா மாதிரி நேர்மையானவங்க..." என்று தொடங்கிய இயக்குநர், ரேடியோ தன்னை வாய் பிளந்து நோக்குவதைக் கண்டு வாக்கியத்தை அந்தரத்தில் விட்டார்.

"இவங்க வேலை இருக்கும். இந்த அறையோட பொறுப்பும் இனிமே இவங்களுக்குத்தான்," என்றார் தலைவி. "புரொபசர், நடந்ததை நீங்களே உங்க விழாவுல எழுந்து நின்னு சொல்லணும். பல் எண்ணிக்கையோட சேர்த்து. சாவியைக் குடுங்க. இனிமே ஒரு புட்டியைப் பார்க்கணும்னாலும் டாக்டரம்மாகிட்ட அனுமதி கேட்டுட்டுத்தான் பார்க்கணும்."

பேராசிரியர் சாவியை எடுத்து டாக்டரம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். தலை குனிந்தபடி வெளியே நடந்தார். குழுவினரும் இயக்குநரும் மாடிக்குச் சென்று, கையெழுத்துகளும் தேநீரும் முடிந்து, விடைபெற்றனர்.

துருவியும் ரேடியோவும் புறப்படும்முன் மீண்டும் கீழே வந்தபோது, டாக்டரம்மா தனியே கம்பளித் தட்டின் முன் நின்றிருந்தார். கையில் சிரிக்கும் வௌவால். அவர் புட்டியை ஓரிடத்தில் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். எடுத்து, ஒரு புட்டி தள்ளி வலப்புறம் வைத்தார்.

"அங்க இல்ல," என்றது ஒரு குரல்.

பேராசிரியர் போகவில்லை. கதவுக்கு வெளியே, நடைவழியில், நிலைச்சட்டத்தைத் தாண்டாமல் நின்றிருந்தார். தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டவர்போல் முகம் சிவந்திருந்தது.

டாக்டரம்மா திரும்பவில்லை. "ஏன் இல்ல?"

"கீழ்த்தாடையில மூணாவது சின்னப் பல்லோட கூர்மையைப் பாருங்க. அது இடப்பக்கத்து வௌவாலோட சொந்தம்."

"கூர்மையை மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது சார். காது மடலுக்குள்ள இருக்கற ஈட்டி மாதிரிப் பகுதி வலப்பக்கத்து வௌவாலோட ஒத்துப்போகுது."

"ஈட்டியா? எங்க? சரியாத் தெரியல இங்கேர்ந்து." எம்பிப் பார்த்தார். கால்கள் மட்டும் சட்டத்துக்கு அப்பாலேயே நின்றன. "உள்ள வரலாமா?"

டாக்டரம்மா பூதக்கண்ணாடியைத் துடைத்தார். விளக்கை அருகே இழுத்தார். புட்டியை ஒளிக்கு நேரே திருப்பினார். வாயிலில் நின்றவரின் மூச்சு அறை முழுதும் கேட்கும்வரை காக்க வைத்தார்.

"கையைப் பின்னால கட்டிக்கிட்டு வாங்க," என்றார்.

பேராசிரியர் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னே இறுகக் கோத்துக்கொண்டு, தாமதமாக வந்த பள்ளிப் பிள்ளையைப்போல் ஒவ்வோர் அடியாக உள்ளே வந்தார். மேசையின் மறுபுறம் நின்று, கழுத்தை மட்டும் நீட்டி வௌவாலின் காதுக்குள் நோக்கினார். அப்போது மணி பிற்பகல் நான்கு இருபத்திரண்டு.